பத்தொன்பது ஓட்டும் சில பாட்டிகளும்

அன்புள்ள அம்மா,

2024 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் செனட், ஜப்பானோடு போட்ட ராணுவ ஒப்பந்தத்துக்கு 19-0 என்று ஒப்புதல் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் மூன்று வருஷம் தங்கள் நாட்டைச் சூறையாடிய படையை, சீனாவுக்குப் பயந்து திரும்பவும் உள்ளே கூப்பிடுகிறார்கள். இது காலில் விழுவதுதானே? செனட்டில் ஓட்டுப் போடுவதெல்லாம் சடங்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த ஓட்டால் ஒரு சீனக் கப்பலாவது திரும்பிப் போகுமா?

க., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக மணிலாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

‘காலில் விழுவது’ என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. 2024 ஜூன் 17 அன்று தென்சீனக் கடலில், அயுங்கின் என்ற திட்டுக்கு அருகே என்ன நடந்தது தெரியுமா? 1999-இல் அங்கே வேண்டுமென்றே தரைதட்ட விட்ட ஒரு பழைய போர்க்கப்பலில் பிலிப்பைன்ஸ் வீரர்கள் காவல் இருக்கிறார்கள். கப்பல் முழுக்கத் துரு. அவர்களுக்குச் சாமான் கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீனக் கடலோரக் காவல்படை சூழ்ந்துகொண்டது. அவர்கள் கையில் கோடாரியும் கத்தியும் இருந்தன. ஒரு கடற்படை வீரருக்குக் கட்டைவிரல் போனது. அடுத்த மூன்று வாரத்தில், ஜூலை 8-ஆம் தேதி, இந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹேக் நடுவர் மன்றம் 2016-லேயே இந்தக் கடலில் சீனாவின் உரிமை கொண்டாடலுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டது. சீனா அதை ஏற்கவே இல்லை. தீர்ப்பை வாங்கியும் தன் கடலுக்குப் போக முடியாத நாடு துணை தேடினால் அதைக் கேவலமாகப் பேசாதீர்கள்.

ஒப்பந்தத்தையும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதியிருக்கலாம். பயிற்சிக்கும் புயல், நிலநடுக்க நிவாரணத்துக்கும் ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக்குள் வந்துபோவதற்கான விதிமுறைதான் அது. ஜப்பான் அங்கே தளம் போடவில்லை. ஒருவரைத் தாக்கினால் இன்னொருவர் களத்தில் இறங்கும் கடமை 1951-இல் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது, இதில் இல்லை.

சடங்கு என்றீர்கள். இதே செனட்தான் 1991 செப்டம்பர் 16 அன்று அமெரிக்கக் கடற்படைத் தளத்தை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை 12-11 என்று தோற்கடித்தது. அதிபர் கொராசோன் அகினோ ஒப்பந்தத்தை ஆதரித்துத் தெருவில் ஊர்வலமே போனார், அப்படியும் நடக்கவில்லை. அடுத்த வருஷ நவம்பரில் சுபிக் விரிகுடாவை விட்டு அமெரிக்கப் படை கிளம்பிப் போனது. இப்படிப்பட்ட அவை 19-0 என்று சொன்னால் அதற்கு எடை உண்டு. அதனால் கப்பல் திரும்புமா? திரும்பாது. அதை விடுங்கள்.

அந்தப் பத்தொன்பதில் என்னை உறுத்துவது வேறு.

பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படையின் பெரிய கப்பல்களில் ஒன்றின் பெயர் தெரேசா மக்பனுவா. 97 மீட்டர் நீளம், ஜப்பானில் கட்டியது, ஜப்பான் கொடுத்த கடனில் வாங்கியது. 2024-இல் மாதக்கணக்கில் அதே கடலில் சபீனா திட்டை விட்டு நகராமல் நின்று, சீனக் கப்பலிடம் இடிபட்டு, கடைசியில் கஞ்சியும் மழைத்தண்ணீருமாகக் காலம் தள்ளியது அதன் மாலுமிகள்தான். யார் அந்தத் தெரேசா? ஸ்பெயினையும் அமெரிக்காவையும் எதிர்த்துப் போர்க்களத்தில் நின்ற பெண். முதுமையில் தன் சொத்தை விற்று, ஜப்பானை எதிர்த்த கெரில்லாக்களுக்குக் கொடுத்தவர். ஜப்பானியக் கப்பலுக்கு அவர் பெயரை வைக்க முடிந்திருக்கிறது. நட்பும் ஞாபகமும் சேர்ந்தே இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் மணிலா ரோஹாஸ் சாலையில் 2017 டிசம்பரில் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். கண்கட்டிய பெண், கைகள் நெஞ்சில். ஜப்பானியப் படையிடம் சிக்கிச் சீரழிந்த பெண்களின் நினைவுக்காக வைத்தது. ஜப்பான் முகம் சுளித்தது. 2018 ஏப்ரலில் ஓர் இரவு, வடிகால் வேலை என்று சொல்லிப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

பம்பாங்கா மாகாணத்தில் மபனிகி என்று ஒரு கிராமம். 1944 நவம்பர் 23 அன்று ஜப்பானியப் படை அங்கே புகுந்து ஆண்களைக் கொன்றது. கொள்ளையடித்த சாமானைப் பெண்கள் தலையில் ஏற்றி ஒரு சிவப்பு வீட்டுக்கு நடத்திப்போய், அங்கே அவர்களைக் கெடுத்தது. சின்னப் பெண்களையும் விடவில்லை. அவர்கள் பாட்டிகளாகி, ‘மலாயா லோலாஸ்’ என்று சங்கம் வைத்து நீதி கேட்டார்கள். போன இடத்திலெல்லாம் அன்று நடந்ததைப் பாட்டாகப் பாடினார்கள். இழப்பீடு 1950-களின் உடன்படிக்கைகளோடு முடிந்துவிட்டது என்கிறது ஜப்பான். 2010-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. கடைசியில் 2023-இல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு, பிலிப்பைன்ஸ் அரசே இந்தப் பெண்களுக்குப் பாரபட்சம் காட்டியிருக்கிறது, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று சொன்னது. போரிட்ட ஆண்களுக்குச் சலுகை உண்டு, இவர்களுக்கு ஒன்றுமில்லை.

என் பாட்டி மலேயாவில், பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். ஜப்பான்காரன் காலத்தில் லயத்துக்கு வந்த லாரி அவளுடைய தம்பியைச் சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனது. திரும்பவே இல்லை. செத்த நாள் தெரியாததால் திதி கொடுக்க முடியாமல், ஆடி அமாவாசைக்கு ஒரு இலை கூடப் போடுவாள். என் சித்தப்பாவுக்கு ஜப்பான் கம்பெனியில் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தோம். அவள் தடுக்கவில்லை. “போடா, நல்லா சம்பாதி. ஆனா என் தம்பிய என்ன பண்ணாங்கன்னு எவனாச்சும் ஒருத்தன் எனக்குச் சொல்லணும்” என்றாள். யாரும் வந்து சொல்லவில்லை.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஜப்பானுக்கும் மணிலா வேண்டும். அதன் எண்ணெய்க் கப்பல்கள் வருவது அந்தக் கடல் வழியாகத்தான். இந்தப் பெண்களுக்கு நியாயம் கேட்கும் இடத்தில் செனட் இருந்தது, கேட்டிருந்தால் ஒப்பந்தம் ஒன்றும் முறிந்திருக்காது. 1945-இல் ஒரே மாதச் சண்டையில் ஒரு லட்சம் பொதுமக்களை இழந்த நகரத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்களே, அந்தப் பெண்களுக்கு ஒரு வழி செய்யாமல் ஓட்டுப் போட எப்படி மனம் வந்தது? சீனா நெருக்குகிறது என்பது துணை தேடக் காரணம், சரி. சொந்த நாட்டுக் கிழவிகளை மறைத்துவைக்க அது எப்படிக் காரணமாகும்?

தம்பி, உங்கள் கோபம் பொய்யில்லை. பாதிக்கப்பட்டவர்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்க வேண்டியது ஏன் ஜப்பானைக் கூப்பிட்டார்கள் என்று அல்ல. ஐ.நா. குழு சொன்ன இழப்பீட்டை ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று கேளுங்கள். அதற்கு டோக்கியோவின் சம்மதம் தேவையே இல்லை. மணிலாவில் ஒரு சட்டம் போதும். அந்தப் பெண்களில் மிச்சம் இருப்பவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதை ஒட்டி ஆகிறது.