கருவாட்டை ஒடித்துப் பாரும்

கேள்வி: ராமநாதபுரத்தில் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் வந்த பிறகும் எங்கள் கடற்கரை ஜனங்கள் தெருக்கடையில் கடன் நோட்டுப் போட்டு, 50 கிராம் புளி, ஒரு ரூபாய் ஷாம்பு என்றே வாங்குகிறார்களே! எப்போதுதான் விவரமாவார்கள்?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: விவரமா? கருவாடு வாங்கும் பெண்களின் விரலைப் பாரும் ஓய். நெத்திலி ஒன்றை எடுத்து வளைப்பார்கள். சட்டென ஒடிந்தால் நன்றாகக் காய்ந்தது. வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம். கருவாட்டு விலைக்குத் தண்ணீர். அடுத்து கையில் அள்ளி ஓர் உதறு. கொட்டுகிற உப்பும் மணலும் தராசுக்கு வரக்கூடாது. உப்புப் போட்ட பெரிய மீனில் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தால் கெட ஆரம்பித்துவிட்டது என்று அப்படியே வைத்துவிடுவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒட்டிய கவருக்குள் கிடப்பதை எப்படி ஒடிப்பது?

நோட்டுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மற்ற மாதங்களிலும் காற்று ஏறினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை, படகு இல்லை, மீன் விற்ற காசில் பங்கும் இல்லை. '1,500 ரூபாய்க்கு வாங்கினால் சர்க்கரை பாதி விலை' என்பது ஒன்றாம் தேதி சம்பளக்காரருக்குப் போட்ட தூண்டில். கையில் காசில்லாத மே மாதம் கடன் நோட்டை விட்டுவிட்டு அதை யார் கடிப்பார்? கீழக்கரைக்கு வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்துக்குக் கணக்கே வேறு. அது நோன்புப் பெருநாளை ஒட்டிக் கடையேறும்.

நோட்டிலும் கோளாறு உண்டு. 'மளிகை 340' என்று மொத்தமாக எழுதவிட்டால் ஜூனில் சண்டைதான். சாமான், எடை, விலை மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்ல வேண்டும். சில்லறைச் சாமானில் கடைக்காரர் ரூபாய் இரண்டு கூட்டி வைப்பார், கடனுக்கு வட்டி அதுதான். பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் மட்டும் விடக்கூடாது.

ஒரு ரூபாய் ஷாம்புவைக் கேலி செய்கிறீர். பாட்டிலின் விலையை அதிலுள்ள மில்லியால் வகுத்துப் பாரும், சாஷேயையும் அப்படியே. பல நேரம் பாட்டில்காரர்தான் ஏமாளி.

கடைசியாக, நீர் கேட்காத ஒன்று: பை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும், இலவச மஞ்சப்பையை மறந்துவிட்ட பெரிய கடைகள் காகிதப் பைக்குக் காசு கேட்கின்றன. முன்கூட்டியே சொல்லாமல் பில்லில் சேர்ப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. சாமான் எடுக்கும் முன்பே கேளும். அதைவிட, பையில் அவர்கள் பெயர் முழ நீளத்துக்கு இருக்கிறது. சுவரில் விளம்பரம் எழுதினால் வீட்டுக்காரருக்கு வாடகை. அதைத் தொண்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே தூக்கிப்போகிற நமக்கு? டிக்கெட் காசாவது தரட்டுமே!