கல்யாணம் வேண்டாம்னா வீட்டுப் பொறுப்பு முழுக்க உங்க தலைலயா?

36 வயசு, கல்யாணம் வேண்டாம்ங்கிறதுல தெளிவா இருக்கீங்க, ஆனா அம்மா தினமும் அழுறாங்க, தம்பி "உனக்கென்ன குடும்பமா குழந்தையா"ன்னு சொல்லி பெத்தவங்க செலவு, ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாத்தையும் உங்க மேலயே கட்டுறார்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் மனசு கனத்துப் போச்சு சிஸ்டர்.

அம்மா அழுறது பயத்துல, தனக்கப்புறம் இவளுக்கு யாருங்கிற பயம். அதை வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. சம்மதம் இல்லாம கல்யாணம் கூடாதுன்னு 1948லயே ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்துல எழுதிட்டாங்க, அதனால தினமும் காரணம் சொல்லிட்டு இருக்காதீங்க. பதிலா உங்க சேமிப்பு, ஹெல்த் இன்சூரன்ஸ், ராத்திரி கூப்பிட்டா ஓடி வர்ற ஃப்ரெண்ட்ஸ் யாரு, இதை உக்கார வச்சு காட்டுங்க. என் அம்மா அப்படித்தான் கொஞ்சம் சமாதானம் ஆனாங்க, முழுசா இல்ல.

தம்பி பண்றது நியாயமே இல்லங்க. பெத்தவங்க ரெண்டு பேருக்கும் பொது. மாசச் செலவை எழுதிக் காட்டி பங்கு கேளுங்க, பணம் முடியலன்னா ஆஸ்பத்திரிக்கு அவர் போகட்டும், லீவு உங்களுக்கு மட்டும் சும்மா கிடைக்குதா என்ன. நாளைக்கு உங்களுக்கு முடியாம போனா ஆள் வச்சுத்தான் பாத்துக்கணும், அதனால ரிட்டயர்மென்ட் பணத்துல யாருக்காகவும் கை வைக்காதீங்க.

அப்புறம் உயில். எழுதலன்னா உங்க சொத்து யாருக்குன்னு சட்டம்தான் முடிவு பண்ணும். பேங்க், இன்சூரன்ஸ் நாமினியும் இந்த வாரமே செக் பண்ணிடுங்க, எப்பவோ கொடுத்த பேரே இன்னும் இருக்கும்.