நுரையீரலில் தொடங்கிய புற்று குடலில் தெரியும்போது: கேள்வி பதில்

கல்லடியிலிருந்து ஒரு மகள்: டொக்டர், அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 6. இரத்தம் ஏற்றினாலும் திரும்ப இறங்குகிறது. வாயாலும் பின்வழியாலும் கமரா விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இப்போது ஸ்கேனில் நுரையீரலில் கட்டி. இரண்டுக்கும் தொடர்பிருக்குமா?

இருக்கலாம் மகள். மேலே விட்ட கமரா சிறுகுடலின் வாசலோடு நின்றுவிடும். கீழே விட்டது பெருங்குடலைத் தாண்டிக் கொஞ்சம்தான் போகும். நடுவில் பல மீற்றர் சிறுகுடலை யாரும் பார்க்கவில்லை. நுரையீரல் புற்று இரத்தத்தோடு போய் அங்கே குடற்சுவரில் ஒட்டிப் புண்ணாகிக் கசியும். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. வயிற்றுக்கும் சீ.ரி. எடுத்தார்களா என்று கேளுங்கள். விழுங்கும் கப்சியூல் கமராவும் உண்டு. குடல் அடைப்பு இருந்தால் அது சிக்கிக்கொள்ளும், அதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அப்பாவிடம் மலத்தின் நிறத்தைக் கேளுங்கள். தார் போலக் கறுத்து, ஒட்டி, தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாமல், ஒரு தனி நாற்றத்தோடு இருந்தால் அது இரத்தம். இரும்புக் குளிசையும் கறுப்பாக்கும், ஆனால் அந்த நாற்றம் இராது. அப்பாமார் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏறாவூரிலிருந்து: வாப்பாவின் குடலில் வெட்டிய கட்டியை "நுரையீரலில் இருந்து வந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். எப்படித் தெரியும்?

ஆய்வுகூடத்தில் கட்டியை மெழுகில் புதைத்து, மயிரை விட மெல்லியதாகச் சீவி, குறித்த ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரி சேர்த்துச் சாயமிடுவோம். பொருந்திய இடம் மண்ணிறமாகும். சுரப்பிக் கலங்களில் தொடங்கும் நுரையீரல் அடினோ வகையில் பெரும்பாலும் சீ.கே.7, ரி.ரி.எப்-1 என்ற இரண்டு புரதங்களும் சாயம் பிடிக்கும். பெருங்குடலில் பிறந்ததில் சீ.கே.20, சீ.டி.எக்ஸ்-2 பிடிக்கும். ஆனால் உருக்குலைந்த கலங்கள் சில வேளை ரி.ரி.எப்-1ஐ இழந்துவிடும். அப்போது சாயத்தை மட்டும் நம்ப முடியாது. நுரையீரல் பயொப்சியின் கண்ணாடித் தகட்டையும் குடலின் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என் வேலையில் நான் அதிகம் மெனக்கெடுவது இதற்குத்தான், ஏனென்றால் பிறந்த இடம் பிழைத்தால் மருந்தும் பிழைத்துவிடும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: முதல் ரிப்போர்ட்டில் இல்லாத "பிளியோமோர்பிக் கார்சினோமா" என்ற நுரையீரல் புற்று வகை சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்திருக்கிறது. முதலில் பிழை விட்டார்களா?

இல்லை தம்பி. சாதாரண புற்றுக் கலங்களோடு இரு முனையும் கூரான கதிர் வடிவக் கலங்களோ இராட்சதக் கலங்களோ குறைந்தது 10 சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயர். முதல் சோதனைக்கு ஊசியில் வரும் நூல் போன்ற துண்டில் அதை அளக்க முடியாது.

அக்கரைப்பற்றிலிருந்து: மாமாவுக்கு நுரையீரல் புற்று, கீமோ நடக்கிறது. காலையிலிருந்து வயிறு கல் மாதிரி, வாந்தி. வியாழன் கிளினிக் வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். இப்போதே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடல் ஓட்டை விழுந்திருக்கலாம், ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். வாசலில் காணும் முதல் டொக்டரிடம் "நுரையீரல் புற்று உள்ளவர்" என்று சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

காரைதீவிலிருந்து: மாமாவை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். என்ன கொண்டுபோக?

ரிப்போர்ட், ஸ்கேன் சீடி எல்லாம். முக்கியமாக, கடிதம் கொடுத்து ஆய்வுகூடத்தில் புற்றுத் துண்டு புதைத்த அந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்குங்கள். நுரையீரல் புற்றில் பீ.டி.எல்-1 என்ற புரதத்தையும் மெற் என்ற மரபணுவின் மாற்றத்தையும் பார்க்க அதுதான் தேவை. அதை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்து வெயிலில் விட வேண்டாம், மெழுகு இளகிவிடும். கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.