உலோகக் கார் மாதிரி: காஸ்டிக் சோடாவில் போடலாமா?

உலோக உடல் கொண்ட 1:24 அளவு கார் கிட்டுகளை நிறம் மாற்றி மெருகேற்றுவது குறித்து வடசென்னை நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

தண்டையார்பேட்டை: கிட்டோடு வந்த பெயின்ட்டின் மேலேயே புதிய நிறம் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் கதவு இடுக்குகள் மூடிப்போகும். கூடுதலாக ஏறும் 0.1 மி.மீ. பெயின்ட், உண்மையான காரில் 2.4 மி.மீ. கனத்துக்குச் சமம். தோசை மாவை ஊற்றி வைத்ததுபோல் இருக்கும். பிளாஸ்டிக் பாகங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, பெயின்ட் ரிமூவர் தடவி, பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். கையுறை அவசியம். அடுப்பு இருக்கும் பக்கம் வேண்டாம்.

வியாசர்பாடி: எங்கள் பட்டறையில் இரும்புச் சாமானைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துத்தான் பெயின்ட் எடுக்கிறோம். இதற்கும் அதுவே போதாதா, ஐயா?

போதாது என்பதல்ல, கூடவே கூடாது. உங்கள் கையில் இருப்பது இரும்பு அன்று. ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம் கலந்த துத்தநாக வார்ப்பு. இரும்பைச் சோடா அரிப்பதில்லை; ஆனால் துத்தநாகமும் அலுமினியமும் அதில் கரைந்து ஹைட்ரஜனை வெளிவிடும். இரவு முழுக்க ஒரு கதவை ஊறவிட்ட என் அனுபவத்தைச் சொல்கிறேன்: காலையில் அது சாம்பல் நிறத்தில் கறுத்து, கீலின் மெல்லிய முனை தொட்டதுமே உதிர்ந்தது.

ராயபுரம்: அடித்த கறுப்பு, காய்ந்ததும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. ஏன்?

கடற்காற்று. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

காசிமேடு: எந்த பெயின்ட் வாங்குவது?

துத்தநாகத்தில் பெயின்ட் எளிதில் பிடிக்காது. முதலில் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர், அதன்மேல் கார்களுக்கு அடிக்கும் லாக்கர் பெயின்ட். இரண்டையும் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள்.

கொருக்குப்பேட்டை: சோடாவில் இரண்டே நிமிடம் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

இரண்டு நிமிடத்தில் பெயின்ட்டும் முழுதாக உரிந்திருக்காது. ஆகவே மறுபடி வைத்திருப்பீர்கள். அரிப்பு முதலில் தெரிவது பானெட்டின் நடுவில் அன்று, மெல்லிய கோடுகளிலும் எழுத்துகளிலும்தான். லென்ஸ் வைத்துப் பாருங்கள். குமிழி எழுந்திருந்தால் கரைந்தது உங்கள் கார்தான்.

வியாசர்பாடி (மீண்டும்): அப்படியானால் சோடாவுக்கு இந்த வேலையில் இடமே இல்லையா?

இருக்கிறது, நல்ல கேள்வி. குரோம் மின்னும் பிளாஸ்டிக் பம்பர்களில் பளபளப்பது பெரும்பாலும் மிக மெல்லிய அலுமினியப் படலம். உலோக உடலைக் கெடுக்கும் அதே குணம் இங்கே கைகொடுக்கிறது: நீர்த்த சோடாக் கரைசலில் படலம் கரைந்துபோகும், பிளாஸ்டிக் அப்படியே நிற்கும். தண்ணீரில் சோடாவைப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ஹைட்ரஜன் வருமாதலால் இதுவும் அடுப்புப் பக்கம் ஆகாது.

பெரம்பூர்: பெயின்ட் எது நல்லது?

காசிமேட்டு நண்பருக்குச் சொன்னதே.

திருவொற்றியூர்: முன் கண்ணாடியைப் பெவிகுவிக்கால் ஒட்டினேன், புகை படிந்துவிட்டது.

அதன் ஆவி படிந்தது. இனி வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள்.

எண்ணூர்: துரு பிடித்த தோற்றம் எப்படித் தருவது?

துத்தநாகம் செந்துரு பிடிக்காது. பழுப்பு நிறத்தைத் தூரிகையால்தான் தர வேண்டும். உங்கள் ஊரில் நிற்கும் பழைய லாரி ஒன்றை நின்று பாருங்கள். துரு, தண்ணீர் தேங்கும் கதவின் அடி மடிப்பிலும் மட்கார்டின் ஓரத்திலும் தொடங்குகிறது. கூரை நடுவில் ஒரு திட்டு வைத்தால் பார்த்தவுடன் பொய் என்று தெரிந்துவிடும்.

வண்ணாரப்பேட்டை: பிரைமர் கட்டாயமா? எந்த பெயின்ட்?

மூன்றாம் முறை. பிரைமர் இல்லாமல் ஒரு பழைய கதவில் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெயராமல் நின்றால் வந்து சொல்லுங்கள், பேசுவோம்.