எந்த 'உரோமன்'?

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரோமன்' என்ற சொல் என் மகனின் சட்டப் பாடநூலிலும், ஞானஸ்நானச் சான்றிதழிலும், மணிக்கூட்டு இலக்கங்களைப் பற்றிய பேச்சிலும், கணினியின் எழுத்துருப் பட்டியலிலும் வருகிறது. எல்லாம் ஒரே பொருளிலா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: உரோமாபுரியைச் சேர்ந்தவர், அல்லது சேர்ந்தது. ஆனால் இந்தப் பெயர் மிகப் பழங்காலத்திலேயே நகர மதிலைத் தாண்டிவிட்டது. கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா, தம் பேரரசில் அடிமைகளல்லாத ஏறத்தாழ எல்லோருக்கும் குடியுரிமை வழங்கியபோது, அந்நகரைக் கண்டிராத சிரியரும் எகிப்தியரும்கூட உரோமர் ஆனார்கள். ஆகவே, இச்சொல்லை எங்கே கண்டாலும், அதனோடு சேர்ந்து வரும் அடுத்த சொல்லையும் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

உங்கள் மகன் படிக்கும் உரோம ஒல்லாந்துச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 6ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்து ஆண்ட ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டங்களை, ஒல்லாந்து மாகாணத்தின் வழக்காறுகளோடு இணைத்து, குரோஷியஸ் முதலிய 17ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் விளக்கி எழுதியதன் விளைவே அது. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதைத் தம்மோடு கொண்டுவந்தார்கள். 1796இல் அவர்களை வெளியேற்றிய ஆங்கிலேயர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அதைத் தொடர அனுமதித்தார்கள். தாய்நாடான நெதர்லாந்தில் அது 1809இல் கைவிடப்பட்டுவிட்டது என்பதை நினைக்கும்போது, கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்), கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் ஆகியவை ஆளாத விடயங்கள் பலவற்றில் அது இன்னமும் எடுத்துக்காட்டப்படுவது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. இங்கே 'உரோம' என்பது அச்சட்டத்தின் வேரைச் சுட்டுகிறது.

சான்றிதழில் உள்ள 'ரோமன் கத்தோலிக்க' என்பது, உரோமை ஆயரான திருத்தந்தையோடு ஒன்றிப்பில் உள்ள திருச்சபையைக் குறிக்கும். கத்தோலிக்கம் என்றால் அனைத்துலகத்துக்கும் உரியது என்று பொருள். அங்கிலிக்கன் சபையினரும் தம் விசுவாச அறிக்கையில் அச்சொல்லைச் சொல்வதால், ஆங்கிலத்தில் வேறுபடுத்திக் காட்ட இந்த அடைமொழி பயன்பட்டது. நமது குடிசன மதிப்பீட்டிலும் உரோமன் கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர் என்றே பிரிக்கப்படுகிறது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் செல்லும் தமிழரும் சிங்களவரும் அந்த வகையில்தான் உரோமன். இனத்துக்கும் ஊருக்கும் அதில் இடமில்லை.

மணிக்கூட்டு இலக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஏழு இலத்தீன் எழுத்துகளால் எண்களைக் குறிக்கும் முறை அது. ஆங்கில அரிச்சுவடியையும் உரோமன் எழுத்து என்பார்கள். கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதும் உரோமன் எழுத்தில் எழுதுவதுதான்.

எழுத்துருவில் வருவதே பலரைக் குழப்புவது. அச்சுத் தொழிலில் இச்சொல் சாய்வில்லாத, நிமிர்ந்த எழுத்தைக் குறிக்கும். பழைய உரோமக் கல்வெட்டுகளின் பெரிய எழுத்துகளைப் பின்பற்றி 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பணிபுரிந்த அச்சாளர்கள் வார்த்த வடிவம் அது. 1470இல் வெனிஸில் நிக்கொலா ஜென்சன் வார்த்தது இன்றும் போற்றப்படுகிறது. சாய்வெழுத்து 1500ஐ ஒட்டி, அதே நகரில் ஆல்டஸ் மனுஷியஸின் அச்சகத்தில் பிறந்தது. 'டைம்ஸ் நியூ ரோமன்' என்பதும் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் 1932இல் தனக்கென உருவாக்கிய நிமிர்ந்த எழுத்துருவே. நிமிர்ந்த எழுத்தைக் குறிக்கும்போது இச்சொல்லின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் பெரும்பாலும் சிறிய எழுத்தாகவே எழுதுவார்கள். மற்றப் பொருள்களில் பெரும்பாலும் பெரிய எழுத்தே வழக்கம். மகனின் கட்டுரைகளில் இதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஓசையை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாத ஒரு பெயரும் உண்டு. ருமேனியா நாட்டின் பெயர் உரோமரிடமிருந்து வந்ததுதான். ஆனால் ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களின் பெயருக்கும் உரோமாபுரிக்கும் தொடர்பில்லை. அவர்களுடைய மொழி இந்தியாவிலிருந்து சென்ற இந்தோ-ஆரிய மொழி, அதில் 'ரோம்' என்பது அவ்வினத்து ஆணை, கணவனைக் குறிக்கும் சொல்.