கறுத்த சுவருக்கு யார் செலவு செய்வது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்து, துணியெல்லாம் ஓத வாடை அடிக்கிறது. குளியலறைக் கூரையிலும் பெயிண்ட் உரிந்து தண்ணீர் சொட்டுகிறது. நாங்கள் ஜன்னலைத் திறக்காமல் ஏர்கான் போடுவதுதான் காரணமாம். முன்பணத்தில் கழித்துக்கொள்வேன் என்கிறார் வீட்டுக்காரர். வாடகையை நிறுத்திவைக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. சுவரைப் பற்றிய பேச்சு போய், வாடகை பாக்கியைப் பற்றிய பேச்சாகிவிடும்.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். வீட்டுக்காரர் இரண்டையும் ஒன்றாக்கி உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். கூரை சொட்டுவதற்கும் உங்கள் ஜன்னலுக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் நீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு பழுதாகியிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது மேல்வீட்டு, கீழ்வீட்டு உரிமையாளர்கள் இருவரின் பொறுப்பு என்பதே வீவகவின் நிலை. தகுதியுள்ளவர்களுக்குச் செலவில் பாதியை வீவகவே ஏற்கும் உதவித் திட்டமும் உண்டு. மீதியை இரு உரிமையாளர்களும் பகிர்ந்துகொள்வார்கள். இதை வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். செலவுக்குப் பயந்துதான் பலர் இழுத்தடிக்கிறார்கள்.

அலமாரிச் சுவரைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஏர்கானில் குளிர்ந்த சுவரை ஒட்டி அலமாரி நின்றால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவராக இருந்தால் மழைநீரும் இறங்கியிருக்கலாம். சுவரைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒரு சாண் அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். அலமாரியைத் தள்ளிப் போட்டு, துணியை அறைக்குள் காயப்போடாமல் இருந்தாலே பெரும்பாலும் குறையும். சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய வேலை. பூஞ்சையைத் துடைக்கும்போது பிளீச்சையும் வினிகரையும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

அப்புறம், ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சிறு பழுதுக்கு எத்தனை வெள்ளிவரை உங்கள் செலவு என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். தாள் ஒட்டியது, கூரை சொட்டுவது எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்; போனில் பேசியதை நாளைக்குக் காட்ட முடியாது. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்றும் பாருங்கள், கட்டாத ஒப்பந்தம் சாட்சியத்துக்கு உதவாது. அதற்குப் பிறகும் முன்பணத்தில் கைவைத்தால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம் என்பதால் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்கு, அதாவது சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்கு, போகலாம். 20,000 வெள்ளிவரை அங்கே கோரலாம். வக்கீல் செலவு கிடையாது. இரு தரப்பும் தாங்களே பேச வேண்டிய இடம் அது.