மதுரையில் புதுக் கார் வாங்கப் போகிறேன், ஷோரூமில் எப்படி விலை பேசிக் குறைப்பது?

எக்ஸ்-ஷோரூம் விலையில் (பதிவும் இன்சூரன்ஸும் சேராத வண்டி விலை) முட்டி மோதாதீர்கள். அது கம்பெனி வைப்பது, லைஃப் டாக்ஸ் (பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி) அரசு வைப்பது. மீதியில்தான் பேச இடம் உண்டு. அதனால் ஆன்-ரோடு விலையை (எல்லாம் சேர்ந்த மொத்த விலை) வரிவரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்.

முதலில் இன்சூரன்ஸ். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அதே கவரேஜுக்கு வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிக் காட்டினாலே பிரீமியம் கணிசமாக இறங்கும். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (விபத்தில் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கானது) 3 வருடத்துக்குக் கட்டாயம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் (வண்டியைக் கொண்டுவந்து கையாண்டதற்கான கட்டணம்) என்று ஒன்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 'ஃப்ரீ' மேட், சீட் கவருக்கு மயங்க வேண்டாம், ரொக்கமாகக் கழிக்கச் சொல்வதே மேல். கார் விலை 10 லட்சத்துக்கு மேல் போனால் 1% டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

அப்புறம், திண்டுக்கல், விருதுநகரிலும் அதே மாடலுக்கு விலை கேளுங்கள். பக்கத்து ஊர் கொட்டேஷன் கையில் இருந்தால் மேனேஜரே எழுந்து வருவார்! நம் ஆட்கள் ஆடியில் வண்டி எடுக்கத் தயங்குவார்கள். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால் பேரத்துக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. டிசம்பரிலும் தள்ளுபடி உண்டு, ஆனால் முழுப் பணம் கட்டுமுன் பழைய ஸ்டாக்கா என்று அறிய, சேசிஸ் எண்ணை (வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்) வைத்துத் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துவிடுங்கள்.